அம்மனுக்கு மனு, கங்காணி மூலம்

எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்று எனக்கு முதலில் சொன்னவள் அக்காதான். பெரியம்மாவின் மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் வயது எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தவள்.

“அவளுக்கு எதுக்குடி எழுத்து? மூச்சு போதும்,” என்றாள்.

நம் வயதுக்காரர்களுக்குத் தோட்டத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் மலைக்கு மலை வழக்கம் வேறு, உங்கள் பக்கம் இது இருந்ததோ என்னவோ. எங்கள் மேற்பிரிவில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு கல். கல்லுக்கு முன்னால் ஆளுயரச் சூலம். துன்பம் வந்தவர்கள் ஒரு வெற்றுத்தாளை எடுத்துக்கொண்டு அங்கே ஏறுவார்கள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டிக்குள்ளே ஈயத்தாளோடு சேர்த்துப் போடுவார்களே, அந்த மெல்லிய வெள்ளைத்தாள். அதை இரண்டு கையாலும் வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் அதற்குள் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சொல்லும் கேட்காது. மூச்சுப் பட்டுத் தாள் நமத்துப்போகும். பிறகு நாலாய் மடித்து, சிவப்பு நூலால் சூலத்தில் கட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் இறங்கிவிடுவார்கள். திருவிழாவுக்கு முந்திய வாரம் கோயிலைக் கழுவும்போது அத்தனையையும் அவிழ்த்து ஆற்றில் விடுவது வழக்கம்.

பனி இறங்கும் நாட்களில் கீழிருந்து பார்த்தால், நனைந்த வெள்ளைக் கோழி ஒன்று சிறகை உலுப்பிக்கொண்டு நிற்பது போல் இருக்கும் அந்தச் சூலம். நூறு தாள் இருக்கும். ஒன்றில்கூட ஓர் எழுத்து இருக்காது.

அதைக் கெடுத்தவள் நான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஐந்தாம் வகுப்பு. காலையில் கற்றதை மாலைக்குள் யாருக்காவது சொல்லிக்கொடுக்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் ரகம். எங்கள் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார். குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுகப் பாடம் நடத்துவார். அந்தத் தவணையில் விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று சொல்லித் தந்தார்.

“விண்ணப்பம் எண்டால் அதுக்கொரு ஒழுங்கு இருக்குப் பிள்ளையள். ஆர் எழுதினது, ஆருக்கு எழுதினது, ஆர் மூலம் போகுது. இது மூண்டும் இல்லாட்டி அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். நடந்ததை நடந்தபடி எழுத வேணும். எத்தினை நாள், எத்தினை மாதம் எண்டு கணக்காய் எழுத வேணும்.”

என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு பென்சில் பரிசு தந்தார். சும்மா பென்சில் இல்லை. முனையை நாக்கில் தொட்டு எழுதினால் எழுத்து ஊதாவாக மாறும், அழித்தாலும் அழியாது. அதன் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்த வருடம் முழுக்க என் உதடு ஊதாதான். “செத்த மாட்டு நாக்கு மாதிரி இருக்குடி,” என்பாள் அக்கா.

அன்று சாயங்காலமே பீலியடியில், மூங்கில் குழாயில் தண்ணீர் விழும் இடத்தில், குடத்தோடு நின்ற பெண்களிடம் ஆரம்பித்துவிட்டேன். “வெறுந்தாளக் கட்டுனா அம்மன் என்னத்த வாசிப்பா? எல்லாம் குப்பக்கூடைக்குத்தான் போவும்!”

“அடியாத்தி, தொரசாணி வந்துட்டா, வழி விடுங்க!”

“ஏன்டி, நீதான் எழுதிக் குடேன். கணக்கப்புள்ள வேலைய இப்பவே பழகிக்க.”

சிரித்தார்கள். ஆனால் அதில் ஒருத்தி, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில், கடைசி அறையில், இருந்தவள், அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள். புருஷன் சாராயத்தை விட வேண்டும். நான் கோடு போட்ட கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, பென்சிலை நக்கி, எழுதினேன். அனுப்புநர்: பெயர், பதிவு நம்பர், லயம், காம்பரா. பெறுநர்: அருள்மிகு மாரியம்மன், மேற்பிரிவு. மூலம்? அங்கே கொஞ்சம் நின்றேன். தோட்டத்தில் எதுவும் நேரே போகாது என்பது எனக்குத் தெரியும். துரையிடம் போக வேண்டுமானால் கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளையிடம் போக வேண்டுமானால் கங்காணி. அம்மனுக்கு மட்டும் வேறு சட்டமா? கோயிலுக்குத் தருமகர்த்தா பெரிய கங்காணி. ஆகவே எழுதினேன், ‘பெரிய கங்காணி ஐயா மூலம்.’

எவ்வளவு பெருமையாக இருந்தது, தெரியுமா!

அடுத்த வாரமே அந்த ஆளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆஸ்பத்திரியில் சாராயத்தை மோந்து பார்க்கக்கூடாது என்றுவிட்டார்கள். அவ்வளவுதான், அம்மன் வாசித்துவிட்டாள் என்று நாலு லயமும் பேசிற்று. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் எனக்கு முன்னால் வரிசை. பதினொரு வயதில் கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டேன். கலைந்துபோன பிள்ளை, கொழுந்து மலையில் கையைப் பிடித்தவன், மாமியார் கஞ்சியில் கொட்டிய உப்பு. ஆடு காணாமல் போன ஒரு மாமா மட்டும் அம்மனை விட்டுவிட்டு நேரே திருடனுக்கே எழுதச் சொன்னார். எல்லோரிடமும் அதிகாரிபோலக் கேட்பேன்: “எந்த மாசம்? எத்தனாந் தேதி? கைநாட்டு வைங்க.” பென்சில் முனையை நனைத்து அவர்கள் பெருவிரலில் தேய்த்து, தாளில் அமுக்குவேன். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். ரேகைக்குள் கறுப்பு ஓடியிருக்கும். அதற்கு மேல் ஊதா.

பெரியம்மா மட்டும் வரவில்லை.

பெரியம்மா அடுத்த காம்பராவில் இருந்தாள். நடுவில் ஒற்றைச் சுவர். அவள் அம்மனோடு பேசுவதை நான் படுக்கையில் இருந்தபடியே கேட்பேன். விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் களத்துக்கு, போக அடுப்பு மூட்டும்போது, “பாத்தியா தாயி, வெறகு பூரா ஈரம். நீயாச்சும் ஊதேன்,” என்பாள். ரொட்டி கருகினால், “நீ பராக்குப் பாத்த, நானும் பராக்குப் பாத்தேன்,” என்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வெற்றுத்தாளோடு மலை ஏறுவாள்.

என் புதுத் தொழிலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “எனக்கு எழுத்து வேணாம் சாமி. நான் பேசிக்கிறேன் அவகிட்ட,” என்றாள்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அந்த மாதம் பெரியப்பாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது.

இலங்கைப் பிரஜாவுரிமை மனு. நம் எல்லோருடைய வீட்டிலும் அந்தக் கடிதத்துக்காக ஒரு தகரப்பெட்டி இருந்தது அல்லவா? இந்த நாட்டில் தொடர்ந்து இருந்தோம் என்று காட்ட வேண்டும். இடையில் இந்தியாவுக்குப் போய் ஒரே மூச்சாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. பெண்டாட்டி தங்கியிருந்தாலும் புருஷனுடைய மனுவும் போயிற்று. எங்கள் வீட்டில் பயமில்லை, அம்மா ஒருநாளும் கடலைத் தாண்டாதவள். பெரியம்மா தாண்டியிருந்தாள். நான் ஏணையில் கிடந்த காலத்தில், தன் தகப்பன் செத்த சேதி கேட்டு, அக்காவை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு ஊருக்குப் போனவள், தனியாகத் திரும்பி வந்தாள். மனுவில் ஒன்பது மாதம் என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். வேலைக்கு வந்த நாட்களைப் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. லயத்தில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சொல்வார் யாரும் இல்லை. தெரிந்தவர்களில் பெரிய கங்காணியும் ஒருவர். பெரியப்பா சங்கத்தில் சேர்ந்து தோட்டத் தலைவராக ஆனதிலிருந்து அவரைக் கண்டாலே கங்காணிக்கு எரியும். ஆனாலும் தன் வாயால் காட்டிக்கொடுத்தால் நாலு லயமும் முகத்தில் காறித் துப்பும் என்று அவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம், வரிசை கலைந்த பிறகு, பெரியம்மா சவுக்கு மரத்தடிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“நெசமாவே அவ எழுத்த வாசிக்கிறாளா புள்ள?”

“வாசிக்காமயா? அந்தக் குடிகார மாமாவுக்கு என்னாச்சுன்னு பாத்தீங்கள்ல?”

“அப்ப நான் இத்தன வருசமாச் சொன்னது?”

“அது காத்துல போயிருக்கும் பெரியம்மா.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால், இதைத்தான் எடுப்பேன். அவள் கொஞ்ச நேரம் துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம், “சரி, எழுது,” என்றாள்.

“எங்கப்பன் செத்ததுக்கு ஊருக்குப் போனேன் தாயி. வெரசா வந்துடலாம்னுதான் போனேன்.”

“எத்தன மாசம் இருந்தீங்க?”

“அது அவளுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சாலும் எழுத்துல இருக்கணும் பெரியம்மா. நடந்தத நடந்தபடி எழுதணும். இல்லாட்டி செல்லாது.”

பெரியம்மா லயத்துப் பக்கம் பார்த்தாள். ஒரு சேவல் மட்டும் நின்றது. “பதினாலு,” என்றாள். “பதினாலு மாசம். ஒம்பதுன்னு எழுதிக் குடுத்திருக்கோம். ஒங்க பெரியப்பா பொய் பேசுற மனுசன் இல்ல, எனக்காகப் பேசுனாரு. அதையும் எழுது. பாவம் எனக்கு, அவருக்கு இல்ல.”

எழுதினேன்.

“ஒம்பதாம் மாசம் புள்ளைக்கு அம்ம போட்டுச்சு. அவதான் வந்தா, அவளே எடுத்துக்கிட்டா. நான் கோவிக்கல. ஆனா குழிய விட்டுட்டு வர மனசு வரல. மழ பேஞ்சா கரஞ்சிருமோன்னு போயிப் போயிப் பாத்தேன். மண்ணு போட்டேன். திரும்ப மழ பேஞ்சுது. திரும்பப் போட்டேன். அப்பிடியே அஞ்சு மாசம் ஓடிப்போச்சு.”

நான் பென்சிலை நக்க மறந்திருந்தேன். எழுத்து சாம்பலாக விழுந்தது. அவளே, “நல்லாத் தெரியுற மாதிரி எழுது சாமி,” என்றாள்.

“என்ன வேணும்னு கேக்கணும் பெரியம்மா. கடைசில அதப் போடணும்.”

“எடுத்தத அவ எடுத்துக்கிட்டா. அந்த அஞ்சு மாசத்த மட்டும் அவ மறைச்சுக் குடுக்கட்டும். வேற ஒன்னும் கேக்கல.”

பெருவிரலை நீட்டினாள். நான் ஊதா தேய்த்து அமுக்கினேன். மற்ற எல்லோருடைய கைநாட்டையும்விடத் தெளிவாக விழுந்தது. மேலே பெயர், நம்பர், ‘பெரிய கங்காணி ஐயா மூலம்’ எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரு பிழை இல்லை.

திருவிழாவுக்கு முந்திய வாரம், சாணி மெழுகப் போன பிள்ளைகளோடு நானும் கோயிலுக்குப் போயிருந்தேன். பெரிய கங்காணி வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். கோட்டு, தலைப்பாகை, பக்கத்தில் குடை. மடியில் சூலத்திலிருந்து அவிழ்த்த தாள்கள். வழக்கமாகக் கூடையில் அள்ளி ஆற்றுக்கு அனுப்புகிற மனிதர், அன்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“இங்க வா புள்ள. யாரு இதெல்லாம் எழுதுறது? முத்து முத்தா இருக்கே.”

“நாந்தாங்க.”

“அட! நீயா? அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டிருக்க. என் மூலம்னு வேற போட்டிருக்க?”

“தோட்டத்துல எதுவும் கங்காணி ஐயா மூலமாத்தாங்க போவணும்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தலைப்பாகை ஆடிற்று. “புத்திசாலிப் புள்ள. ஒனக்குத் தெரியுது, ஒங்க பெரியப்பனுக்குத் தெரியல. சரி, சேர வேண்டிய எடத்துல சேத்துர்றேன்,” என்றார். கோட்டுப் பையிலிருந்து ஒரு தோடம்பழ இனிப்பை எடுத்துத் தந்தார். நான் வழியெல்லாம் பறந்தேன். இனிப்பைப் பல்லால் கடித்து உடைத்து அக்காவுக்குப் பாதி கொடுத்தேன். எதற்குக் கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, வாய் நிறைய இனிப்பு.

திருவிழா முடிந்து மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் விசாரணை. அக்காவை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு, பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பலகை வாசிக்க ஆள் வேண்டுமே. ஹட்டனில் பஸ் மாறினோம். கந்தோர் வராந்தாவில் எங்களைப் போல முப்பது பேர், ஈரக் கம்பளி நாற்றம், தகரப்பெட்டிகள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு மொழிபெயர்ப்பாளர், மூலையில் டைப் அடிக்கும் ஒரு கிளார்க். பெரியப்பா செருப்பில்லாத காலை ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றார்.

“சம்சாரம் இந்தியாவுக்குப் போய் எவ்வளவு காலம் இருந்தாங்க?”

“ஒம்பது மாசங்க.”

அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். கோடு போட்ட தாள். நான் நின்ற இடத்திலிருந்தே ஊதா தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் அதை வாங்கி, ரேஷன் பட்டியல் வாசிப்பது போல உரக்க வாசித்தார். பெறுநர் என்ற இடத்தில் நின்று, “இது யாருக்கு எழுதினது?” என்று கேட்டார்.

“அம்மனுக்குங்க,” என்றாள் பெரியம்மா.

டைப் அடிப்பவன் மூக்கால் சிரித்தான். மொழிபெயர்ப்பாளர் அடுத்திருந்த ‘மூலம்’ வரியைத் தாண்டிவிட்டு, நடந்ததிலிருந்து வாசித்தார். ‘மழை பெய்தால் கரைந்துவிடுமோ என்று போய்ப் போய்ப் பார்த்தேன்.’ ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டு இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். அதிகாரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். குழியைப் பற்றி எழுத அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. பதினாலு வந்த இடத்தில் மட்டும் எழுதியிருந்தார்.

அந்த மொழிபெயர்ப்பாளரை நான் வெகுகாலம் வெறுத்தேன். இப்போது யோசித்தால், அந்த அறையில் எங்களுக்கு ஒரு வாசலைத் திறந்தவர் அவர் ஒருவர்தான். தாளைத் தாழ்த்திப் பிடித்து, குரலையும் தாழ்த்தி, “இது உங்க கைநாட்டா அம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லலாம். மொட்டைக் கடுதாசியோட வந்தது,” என்றார்.

இல்லை என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பெரியப்பா அவள் முகத்தைப் பார்த்தார். நான் அவள் சேலை நுனியைப் பிடித்திருந்தேன், அதை இழுத்தேன்கூட. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மடிப்பில் சிவப்பு நூலின் சாயம் ஏறியிருந்தது.

“என் கைநாட்டுத்தாங்க,” என்றாள். “அவகிட்ட சொன்னத இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

“எழுதிக் குடுத்தது யாரு?”

“யாரோ வழிப்போக்கருங்க. பேரு தெரியாது.”

என் பக்கம் திரும்பவே இல்லை. தனக்காக ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்றவள், அடுத்த மூச்சில் எனக்காகச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணாடியெல்லாம் ஆவி. பெரியப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, அது என் எழுத்து என்று ஊகித்தாரோ என்னவோ, என்னைக் கேட்கவில்லை. ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். “கட்டுனத எவன் அவுத்தான்?”

“அவ விடாம எவனால அவுக்க முடியும்?” என்றாள் பெரியம்மா.

எனக்குத் தெரியும் எவன் என்று. அவர் மடி, அவர் கை, அவர் சிரிப்பு. சொல்லியிருந்தாலும் மனு பிழைத்திருக்காது. ஆனால் பெரியப்பா ஒரு மனிதனை வெறுத்திருப்பார். பெரியம்மா ஒரு மனிதனைச் சபித்திருப்பாள். மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். மறுநாள் விடிய அடுப்படியில், “பாத்தியா தாயி, அந்தப் பாவி செஞ்சத,” என்று அவளிடமே சொல்லி அழுதிருப்பாள். நான் சொல்லவில்லை. சொன்னால், ‘மூலம்’ என்று எழுதினது யார், ‘நாந்தாங்க’ என்று நெஞ்சை நிமிர்த்தினது யார் என்று கேட்பார்களே!

கந்தோரில் நடந்ததை அவர்கள் இருவரும் வெளியில் மூச்சு விடவில்லை, அக்காவிடம்கூட. கடிதம் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. கள்ளத்தோணி என்று கடைத்தெருவில் யாரோ சொன்னதற்குப் பெரியப்பா சிரித்துவிட்டு வந்தாராம். “இங்க இருந்தா கள்ளத்தோணி. அங்க போனா என்னான்னு கூப்புடுறாங்கன்னு பாத்துருவோம்,” என்று இந்தியாவுக்கே திரும்பிப் போகக் கப்பலுக்கு எழுதிப்போட்டார்.

பெரியம்மா வெள்ளிக்கிழமைகளில் மலை ஏறுவதை விட்டுவிட்டாள். அதைவிட, அடுப்படிப் பேச்சு நின்றுபோயிற்று. விடியற்காலையில் நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடப்பேன். விறகு வெடிக்கும். சட்டி நகரும். இருமுவாள். வேறு ஒன்றும் கேட்காது.

ஒருநாள் பீலியடியில் நானும் அவளும் மட்டும். குடத்தை வைத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள். “நீ மனசுல ஒன்னும் வச்சுக்காத சாமி. நீ நல்லாத்தான் எழுதுன. அவ வாசிச்சா. வாசிச்சுட்டுத்தான் காட்டிக் குடுத்துட்டா. பொய் சொன்னவளுக்கு அவ வேற என்ன செய்வா?”

நான் வாயைத் திறந்தேன்.

“தண்ணி நெறஞ்சிருச்சு பெரியம்மா,” என்றேன்.

அவர்கள் புறப்பட்ட காலை, பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடினார்கள். பெரிய கங்காணி கோயில் விபூதித் தட்டோடு வந்தார், தருமகர்த்தா அல்லவா. “போற எடத்துலயும் அம்மன் தொணை இருப்பா,” என்றார். பெரியப்பா தலையைக் குனிந்து பூசிக்கொண்டார். பெரியம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். வெளியே எடுக்கவில்லை. தட்டு கொஞ்ச நேரம் அவள் முன்னால் நின்றுவிட்டு அடுத்த ஆளுக்குப் போயிற்று. குளிருக்குக் கையை ஒளித்திருக்கிறாள் என்று என் அம்மா நினைத்துக்கொண்டாள்.

தலவாக்கலை ஸ்டேஷனில் அக்கா துள்ளிக்கொண்டிருந்தாள். “கப்பல்ல ஏறப்போறேன்டி! நீ இங்கயே கெடந்து கொப்பி கிழி!” ரயில் நகர்ந்ததும்தான் அவள் முகம் கோணிற்று. பெரியம்மா ஜன்னல் வழியாக என் தாடையைப் பிடித்து, “நல்லாப் படி,” என்றாள்.

படித்தேன். ஆசிரியையானேன். முப்பது வருடம் மலையகப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். பெரிய கங்காணி நல்ல சாவு செத்தார். கோயில் மணியில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை கோயிலில் என்னைக் கண்டால், அர்ச்சனைச் சீட்டில் பெயர் நட்சத்திரம் எழுதித் தரச் சொல்கிறீர்கள். கண் தெரியவில்லை என்கிறேன். நன்றாகத் தெரிகிறது.

அக்காவிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, பல வருடம் கழித்து. அவள் மகள் எழுதியிருந்தாள். பெரியப்பா முன்னமே போய்விட்டார், பெரியம்மா போன தையில் போய்விட்டாள் என்று இருந்தது. ஊருக்கு வந்த முதல் வாரத்தில் குழியைத் தேடிக்கொண்டு போனாளாம். அந்த இடத்தில் யாரோ கடலை போட்டிருந்தார்களாம். ஊர்க் கோயிலுக்கு மற்றவர்களோடு வருவாள், வாசலோடு நின்றுவிடுவாள். உள்ளே போகிற பேரப்பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்திச் சொல்வாளாம்: “கும்புட்டுட்டு வந்துருங்க. வாயத் தொறந்து எதையும் சொல்லிடாதீங்க.” சாகும் வரைக்கும் அதுதான்.

அம்மா ஏன் அப்படி ஆனாள் என்று யாருக்கும் விளங்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை, உனக்கு ஏதாவது தெரியுமா என்று அக்கா கேட்டிருந்தாள்.

நான் பதில் எழுதினேன். எங்கள் சுகம் எழுதினேன், பிள்ளைகளின் படிப்பு எழுதினேன், அந்த வருடம் மழை அதிகம் என்று எழுதினேன். கடைசியில், எனக்கும் தெரியவில்லை அக்கா என்று எழுதி, முகவரியைப் பிழையில்லாமல் எழுதி, தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.